மூணேகால் வலி

விருதுநகர் தனுஷ்கோடிக்கு அறுபத்திரண்டு வயது வரைக்கும் தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது. சித்திரை வெயிலில் குடை இல்லாமல் அலைவார், ரெண்டு நாள் தூங்காமல் பஸ்ஸில் போய்வருவார், கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்குக் கீழேயே இலை போட்டு உட்காருவார். அந்தத் தலைக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே தலைவலிக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஓர் இளக்காரம். "தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்பார். கல்யாணமான புதிதில் மனைவி ராஜகனியிடம் இதைச் சொன்னவர், முப்பது வருஷம் கழித்தும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உத்தியோகத்தில் அவர் எடை அளவு ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. பொய் என்பது அவர் வாயில் வராது. கல்யாணமான மூன்றாம் மாசமே மாமனார் கடைத் தராசில் நாலு கிராம் குறைகிறது என்று அதைப் பறிமுதல் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாமனார் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் பேசவில்லை. பின்னாளில் தராசுகளுக்கே புத்தி வந்து, தன்னைத் தானே சரிபார்த்துச் சென்னைக்குத் தகவல் சொல்லத் தொடங்கியதும், அரசாங்கம் அந்தப் பதவியையே மூடி அவரை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் ராஜகனி ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை விழுங்குகிறாள் என்பது அவர் கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் தலை வலித்தால் ஒன்று போட்டவள்தான். அப்புறம் வலிக்கும்போல இருந்தால் போட்டாள். அதற்கும் அப்புறம், வலிக்குமோ என்று தோன்றினாலே போட்டாள். மகள் வருகிறாள் என்றால் ஒன்று, மகள் கிளம்புகிறாள் என்றால் ஒன்று, மேகம் கருத்தால் ஒன்று. வெள்ளை மாத்திரை அட்டை இல்லாத இடம் அந்த வீட்டில் கிடையாது. தலையணை உறைக்குள் இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், கோலமாவு டப்பாவுக்குள்ளும் இருக்கும்.

ஒரு தரம் கரண்ட் போன நேரத்தில் அவசரமாக எடுத்து விழுங்கியது தனுஷ்கோடியின் கால்சியம் மாத்திரை. பத்தே நிமிஷத்தில் வலி பறந்துவிட்டது. விளக்கு வந்து அட்டையைப் பார்த்தாளோ இல்லையோ, மறுபடி வலி பிடித்துக்கொண்டது. தனுஷ்கோடி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்று சாயங்காலம் ராஜகனி மகளிடம் ஃபோனில் பேசியது அவர் காதில் விழுந்தது. வலிக்குத் தான் பயப்படவில்லையாம், வலி வரும்போது கையில் மாத்திரை இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயமாம். காதில் விழுந்தும் அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தை மாசம் அவளுக்குக் கால் வீங்கியது. மதுரையில் டாக்டர் நிலோஃபர் என்று தலைவலிக்கென்றே ஓர் அம்மா இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை. சிறுநீரகம் ரெண்டும் களைத்துப்போயிருக்கிறது, இந்த மாத்திரை இன்னும் ஒரு வருஷம் உள்ளே போனால் வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றார். தனுஷ்கோடி அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ராஜகனியோ, அப்படியானால் தலைவலிக்கு வேறு என்ன மாத்திரை தருவீர்கள் என்று கேட்டாள்.

"உங்களுக்கு இப்ப வர்ற வலில பாதிக்கு மேல மாத்திரையால வர்றதும்மா," என்றார் டாக்டர். "மாத்திரை இறங்க இறங்க மூளை அடுத்தது எங்கேன்னு கேக்குது. அது கேக்குற விதம்தான் வலி. நிறுத்தினா சரியாயிரும். ஆனா நிறுத்தின முதல் சில வாரம் பொல்லாததா இருக்கும். தனியா நிறுத்தினவங்கள்ல நிறைய பேர் மூணாம் நாளே மாத்திரைக்கடைக்குப் போயிடுறாங்க. அதனால உங்களைத் தனியா விடப்போறதில்ல."

சொல்லிவிட்டு மேஜைமேல் ரெண்டு பட்டைகளை எடுத்து வைத்தார். சாம்பல் நிறத்தில், நெற்றியில் கட்டிக்கொள்கிற மாதிரி, ஓரத்தில் ஒரு பொத்தானும் சின்னப் பச்சை விளக்கும். பங்குப்பட்டை என்று பேர். ஒன்றை நோயாளி கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொன்றைத் துணைக்கு இருப்பவர். வலி வரும்போது நோயாளி பொத்தானை அமுக்கினால் பாதி வலி அந்தத் தலைக்குப் போய்விடும்.

பட்டை வந்த புதிதில் நடந்த அக்கிரமத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வசதியானவர்கள் கூலிக்குத் தலை பிடித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத முதலாளியின் தலைவலியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பினார்கள். ஒரு முதலாளி நாலு பேரை வைத்திருந்தாராம், தலைக்குக் கால்வாசி. சொந்தமில்லாத வலியில் ராவெல்லாம் சுருண்டு கிடந்தவர்களின் பெண்டாட்டிகள் திரண்டு வந்து தெருவில் உட்கார்ந்தபிறகுதான் சட்டம் வந்தது. ஒரே குடும்பமாக இருந்தால் மட்டுமே பட்டை. வேறு யாருக்கும் கிடையாது.

ராஜகனிக்குக் குடும்பம் என்றால் தனுஷ்கோடியும் மகளும்தான். மகள் நார்வேயில், கையில் பால்குடிக் குழந்தை. ஆகவே இவர்தான். டாக்டர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். பத்துத் தலையில் ஒரு தலைக்கு இந்தப் பட்டை பிடிக்காது. வலி வந்து சேராவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், பட்டையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி வரிசையில் நின்றால் ஒரு வருஷமாவது ஆகும். அப்புறம், ரெண்டு பேரும் தினம் தங்கள் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஃபோனில் தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும், ஒருத்தர் எண்ணை ஒருத்தர் பார்க்கக் கூடாது.

டாக்டர் சொன்னது நாற்பத்தைந்து நாள். ராஜகனி அதை நாற்பத்தெட்டாக்கிவிட்டாள். விரதம் என்றால் ஒரு மண்டலமாவது இருக்க வேண்டாமா என்று டாக்டரிடமே கேட்டாள். வீட்டுக்கு வந்து அட்டைகளையெல்லாம் தேடி எடுத்து ஒரு முறத்தில் குவித்தாள். தனுஷ்கோடி அவ்வளவையும் கொண்டுபோய் மருந்துக்கடைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். கோலமாவு டப்பாவில் இருந்த ஓர் அட்டையை மட்டும் அவள் எடுத்துத் தரவில்லை. அவருக்கு அது தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது வலி. வழக்கமான வலி இல்லை, மாத்திரை கிடைக்காத கோபமும் சேர்ந்து வந்த வலி. ராஜகனி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். எதிரே தனுஷ்கோடி பட்டையைக் கட்டிக்கொண்டு, ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

பட்டையைக் கழற்றிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பக் கட்டினார். அவர் தலை எப்போதும் போலக் கோயில் தூண் மாதிரி இருந்தது. வலி வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அப்போது ராஜகனி சுவரை விட்டுத் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

"குறையுதுங்க," என்றாள். "நிசமாவே குறையுது. உங்களுக்கு வலிக்குதா? ரொம்பவா?"

மாமனார் தராசைப் பறிமுதல் செய்த மனிதர், முப்பத்துநாலு வருஷம் ஒரு கடைக்காரனின் டீயைக்கூடக் குடிக்காத மனிதர், அந்த நிமிஷத்தில் நெற்றியில் கையை வைத்தார்.

"ஆமா கனி," என்றார். "வலிக்குது."

அன்றிலிருந்து பிடித்தது அவருக்குச் சனி. தலைவலிக்காரர் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் பக்கத்திலேயே பார்த்ததை ஞாபகப்படுத்திப் பார்த்தார். அரைகுறையாகத்தான் ஞாபகம் வந்தது, ஏனென்றால் அப்போதெல்லாம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துண்டை நெற்றியில் கட்டினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் முகத்தைச் சுளித்தார். ராஜகனி பொத்தானை அமுக்கும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, இருட்டில் முனகினார்.

இருட்டில் எவ்வளவு நேரம்தான் முனகுவது? பேச ஆரம்பித்தார்கள். மாமனார் தராசு விவகாரம் அப்போதுதான் முழுசாகப் பேசித் தீர்ந்தது. தராசு குறைந்தது எலி கடித்த கயிற்றினால் என்று அவள் சொன்னாள். முத்திரை போட்டபிறகு எலிக்கு அங்கே என்ன வேலை என்று இவர் கேட்டார். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே தூங்கிப்போனார்கள். அவள் எழுந்ததும் தனக்குச் சுக்குக் காப்பி போடுகிறபோது அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, தன்னால்தானே இந்த மனுஷனுக்குப் பாடு என்று நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அது அவருக்குச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததுதான் அவரை அரித்துத் தின்றது.

இன்னொன்றும் அரித்தது. அவளிடமிருந்து பாதி போய்விட்டது, அவள் முகமே சாட்சி. இவரிடம் வந்து சேரவில்லை. அப்படியானால் அந்தப் பாதி எங்கே போனது? எத்தனையோ எடைத் திருட்டுகளைப் பிடித்த மூளைக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை. டாக்டரைக் கேட்கலாமென்றால் பட்டையைப் பிடுங்கிக்கொள்வார், இவள் மாத்திரைக்குப் போவாள், அப்புறம் அந்த மிஷின்.

ஃபோனில் எழுதும் எண் வேறு தொல்லை. வாய்க்கு வந்ததை எழுத அவர் கை வரவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே பேச்சோடு பேச்சாக இன்றைக்கு உனக்கு எவ்வளவு என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, அதைச் சரியாக ரெண்டாக வகுத்து எழுதினார். அவளுக்கு எட்டு என்றால் இவருக்கு நாலு. அவளுக்கு ஏழு என்றால் மூன்றரை.

ஒரு வாரம், ரெண்டு வாரம் போனது. எட்டு ஆறானது, ஆறு நாலானது. நடுவில் ஒரு நாள் ஒன்பதுக்கு ஏறி, ராஜகனி வாந்தி எடுத்து, ரெண்டு பேரும் ராத்திரி சாப்பிடாமலே கிடந்தார்கள். மறுநாள் மூன்றுக்கு வந்தது. மேகம் கருத்த ஒரு நாள் அவள் மொட்டைமாடியில் வடகம் அள்ளப் போனாள், வந்தாள், தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தனுஷ்கோடி அடுப்படியில் நின்று அதைக் கவனித்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முப்பத்தைந்தாம் நாள் பங்குனிப் பொங்கல். தெருத்தெருவாக மேளம், வேட்டுச் சத்தம். காய் வாங்கப் போன தனுஷ்கோடி, பஜாரில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு வேட்டு வேடிக்கை பார்த்தார். நெற்றியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனபோதுதான் பட்டையைக் கட்டாமல் வந்துவிட்டது தெரிந்தது. இந்தச் சத்தத்துக்கு அவளுக்குக் கட்டாயம் வலி வந்திருக்கும். அமுக்கியிருப்பாள். குறைந்திருக்காது. ஓர் அட்டையாவது அவள் ஒளித்து வைத்திருப்பாள் என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. காய்ப் பையை அப்படியே ஒரு கடை வாசலில் வைத்துவிட்டு, அறுபத்திரண்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ராஜகனி மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அவள் பட்டை. மடியில் அவருடைய பட்டை.

அவர் மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதல் நாளிலிருந்தே தனக்கு ஒன்றும் வரவில்லை, அவ்வளவும் நடிப்பு, மன்னித்துவிடு, ஆனால் மாத்திரைக்கு மட்டும் போகாதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றார். ராஜகனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன்பதாம் நாளே தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"உங்க ஃபோன் கட்டில்ல திறந்தபடி கிடந்துச்சு. அன்னைக்கு எனக்கு ஆறரை. நீங்க மூணேகால்னு எழுதியிருந்தீங்க. ஏங்க, எந்த மனுசனுக்காவது மூணேகால் வலி வலிக்குமா?"

அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்தை அவள் அப்புறம் சொன்னாள். ஏமாற்றிவிட்டாரே என்று கோலமாவு டப்பாவுக்குள் கையை விட்டாளாம். மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையிலும் வைத்துவிட்டாளாம். அப்போது குளியலறையிலிருந்து ஒரு சத்தம். இவர் கண்ணாடி முன்னால் நின்று முனகிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு முனகல் முனகுவார், சரியில்லை என்று தொண்டையைச் செருமுவார், இன்னொரு முனகல் முனகுவார். அவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாளாம், மாவெல்லாம் சேலையில் கொட்ட. சிரித்து முடித்துப் பார்த்தால் மாத்திரை கையில் கரைந்து போயிருந்தது. வலி இருந்தது, ஆனால் தாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"தெரிஞ்சப்புறமும் ஏன் அமுக்கினே?" என்று கேட்டார்.

"அமுக்கினாத்தானே நீங்க வந்து பக்கத்துல படுக்குறீங்க," என்றாள் ராஜகனி. "முப்பது வருசம் வலிச்சுச்சு. ஒருநாள் வந்தீங்களா?"

கீழே வேட்டு வெடித்துக்கொண்டேயிருந்தது. தனுஷ்கோடி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் மதுரைக்குப் போனார்கள். ரிப்போர்ட்டில், ஏறிக்கொண்டே போன சிறுநீரக எண் நின்று, இறங்க ஆரம்பித்திருந்தது. தலைவலி அடியோடு போய்விடாது, மாசத்தில் சில நாள் வரும், அது எல்லாருக்கும் வருகிற கணக்குத்தான் என்றார் டாக்டர். தனுஷ்கோடி எழுந்து நின்று, தான் கொடுத்ததெல்லாம் தப்புக் கணக்கு, என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார்.

"உட்காருங்க ஐயா. உங்க தலைல பிடிக்கலைன்னு முதல் நிமிசமே இங்க தகவல் வந்துருச்சு," என்றார் டாக்டர். "பிடிக்கலைன்னா ரெண்டு பட்டையும் தானா நின்னுரும். அந்தப் பச்சை விளக்கு, சார்ஜ் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். மறுநாளே உங்களைக் கூப்பிட்டுப் பட்டையைத் திருப்பி வாங்கியிருக்கணும். ஆனா அம்மா அன்னைக்கு வலி எண்ணோட, மாத்திரை போடலைன்னும் எழுதி அனுப்பியிருந்தாங்க. சரி, இன்னும் ஒருநாள் பார்ப்போம்னு விட்டேன். அப்படியே நாற்பத்தெட்டு நாள் விட்டுட்டேன். விதிப்படி அது தப்புத்தான்."

தனுஷ்கோடி முதலில் டாக்டரையும் அப்புறம் மனைவியையும் பார்த்தார். பாதி எங்கேயும் போகவில்லை. அவ்வளவையும் இவளேதான் தாங்கியிருக்கிறாள். பட்டைக்கும் பங்கு இல்லை, தனக்கும் பங்கு இல்லை என்று நினைக்க அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. நர்ஸ் வந்து ரெண்டு பட்டைகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியபோது, அவருக்கு வலது பொட்டில் ஏதோ துடித்தது. கையை வைத்துப் பார்த்தார். துடிப்பு கண்ணுக்கு இறங்கியது. ஜன்னல் வெயில் கண்ணைக் குத்தியது, ஹாரன் சத்தம் மண்டைக்குள் போய் நின்றது. இதற்குப் பேர் என்ன என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"கனி, தலை வலிக்குது," என்றார்.

ராஜகனி சிரித்துவிட்டாள். மண்டலம் முடிந்துவிட்டது, இனி நடிக்க வேண்டாம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிசமாகத்தான் வலிக்கிறது என்றார். அதற்கும் சிரித்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிசமாகத்தான் என்று சொல்லியும் நம்பாவிட்டால் இதை எதைக் காட்டி நிரூபிப்பது? அப்படி நினைத்த மறுநிமிஷம் அவருக்குக் கோபமெல்லாம் போய் வெட்கமாகிவிட்டது. எதிர்ப்பேச்சு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அமைதியில்தான் ராஜகனி திரும்பிப் பார்த்தாள். சுருங்கிய கண்ணை, இறுகிய தாடையைப் பார்த்தாள். அது நடிப்பில்லை என்று கண்டுபிடிக்க அவளைவிட யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த கள்ளிக்குடிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பஸ்களில் எந்த நோய்க்கும் யாராவது ஒருத்தர் மருந்து வைத்திருப்பார். சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளை மாத்திரை.

தனுஷ்கோடி கை நீட்டுவதற்குள் ராஜகனி வாங்கிவிட்டாள். அட்டை அவள் உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் தானாகவே மாத்திரையின் மேட்டைத் தேடிப் போனது, தகரத்தாள் நெறுநெறுத்தது. அந்தச் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். ரெண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாம்ணே," என்றாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பாதியை நான் எடுத்துக்கிறேன்."